சரியான பாஸ்வேர்டு போட்டும் லினக்ஸ் மறுபடி மறுபடி கேட்குதா? நான்காவது முறை அடிப்பதற்கு முன் இதைப் படிங்க!

பாஸ்வேர்டை டைப் செய்து என்டர் தட்டியாச்சு. இரண்டு விநாடி அமைதி. மறுபடியும் அதே கேள்வி, ‘பாஸ்வேர்டு?’. கைதவறி எதையாவது அமுக்கிவிட்டோமோ என்று இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடிக்கிறோம். திரும்பவும் அதே கேள்வி. நேற்று ராத்திரி வரைக்கும் இதே பாஸ்வேர்டுதானே வேலை செய்தது?

உபுண்டு போட்ட லேப்டாப், ஆபீஸ் சர்வர், மாத வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர், ஆப்பிள் மேக் என யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எந்தக் கம்ப்யூட்டரிலும் இது நடக்கும். அப்போது நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். கோபத்தோடு மறுபடி மறுபடி அடிப்பது. சில கம்ப்யூட்டர்களில் இதுதான் ஆபத்து. கேப்ஸ் லாக் போன்ற சின்னத் தவறாக இருந்தது, அக்கவுன்ட் முடக்கமாக மாறுவது இப்படி அடிக்கும்போதுதான்.

யுனிக்ஸ் கம்ப்யூட்டர் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது என்றால் ‘பாஸ்வேர்டு தப்பு’ என்று மட்டும் அர்த்தம் இல்லை. ‘உள்ளே விட முடியாது’ என்பதுதான் அர்த்தம். ஏன் விட முடியாது என்பதை வாசலில் நிற்பவரிடம் பெரும்பாலும் அது சொல்லாது. ஆனால் உள்ளே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும்.

கேட்பது யார்?

லினக்ஸில் உங்கள் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது லாகின் திரை அல்ல. அது கேள்வியைக் காட்டுவதோடு சரி. சரிபார்க்கும் வேலை ‘பாம்’ என்ற அமைப்பிடம் இருக்கிறது. ‘ப்ளக்கபிள் ஆதென்டிகேஷன் மாட்யூல்ஸ்’ என்பதன் சுருக்கம் இது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் 1995-ல் முன்வைத்த யோசனை.

அதற்கு முன்பு லாகின், எஃப்டிபி என ஒவ்வொரு புரோகிராமும் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறையைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. புது முறை ஒன்று வந்தால் எல்லா புரோகிராமையும் மாற்ற வேண்டும். ‘சரிபார்க்கிற வேலையைத் தனியா பிரிச்சு வெச்சிடலாம், யாருக்குத் தேவையோ வந்து கேட்டுக்கட்டும்’ என்பதுதான் பாம் யோசனை. இன்று லினக்ஸில் மட்டுமல்ல, ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் இதே முறைதான்.

பாம் நான்கு வேலைகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. நீங்கள் நீங்கள்தானா என்பது முதல் வேலை. இந்த அக்கவுன்ட்டுக்கு இப்போது அனுமதி இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்பது இரண்டாவது. பாஸ்வேர்டு மாற்றுவது மூன்றாவது. உள்ளே வந்த பிறகு உங்களுக்கான சூழலைத் தயார் செய்வது நான்காவது. இதில் முதல் படியில் பாஸ் ஆகி இரண்டாவது படியிலோ நான்காவது படியிலோ தோற்றாலும், வெளியே நிற்பவருக்குத் தெரிவது கிட்டத்தட்ட ஒன்றுதான். மறுபடியும் லாகின் திரை.

காரணத்தைச் சொன்னால்தான் என்ன?

எரிச்சல் வரும்தான். ஆனால் இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. யுனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல் பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு சுவாரசியமான விஷயம் வரும். ஆரம்பத்தில் லாகின் புரோகிராம், இல்லாத யூசர் பெயரைக் கொடுத்தால் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நீண்ட கணக்கைப் போடாமல் சட்டென்று பதில் சொல்லிவிடுமாம். இருக்கும் பெயர் என்றால் கொஞ்சம் தாமதமாகும். அந்தச் சின்ன இடைவெளியை வைத்தே எந்தப் பெயரில் அக்கவுன்ட் இருக்கிறது என்று வெளியாள் கண்டுபிடித்துவிடலாம். அதனால் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கணக்கைப் போடும்படி மாற்றினார்கள்.

அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. பாம் அமைப்பில் ‘ரிக்வயர்டு’ என்று குறிக்கப்பட்ட ஒரு சோதனையில் தோற்றால்கூட, உடனே நிறுத்தாது. மீதி சோதனைகளையும் நடத்திவிட்டு கடைசியில்தான் ‘இல்லை’ என்று சொல்லும். எந்த இடத்தில் தோற்றோம் என்பது வெளியாளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. அந்த இரண்டு விநாடி தாமதமும் அப்படித்தான். தப்பான பதிலுக்கு மட்டும் பாம் கொஞ்சம் காக்க வைக்கும். ஆயிரக்கணக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் திருடனின் வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம்.

இதற்குச் சரியான உதாரணம் ரூட் அக்கவுன்ட். தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச், 2015-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, ரூட் என்ற பெயரில் பாஸ்வேர்டு போட்டு நுழைவதை இயல்பிலேயே தடுத்துவிட்டது. ஆனால் கேள்வி மட்டும் வரும். மூன்று முறை பாஸ்வேர்டு கேட்கும், மூன்று முறையும் மறுக்கும். நீங்கள் போட்டது நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் சரி. ‘இந்த வழி மூடியிருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லாது. புதிதாக சர்வர் வாங்கியவர்கள் ஒரு மாலை நேரத்தையே தொலைப்பது இந்த இடத்தில்தான்.

முதலில் கேள்வியைப் படிங்க

பாஸ்வேர்டு என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை தானாக அடித்துவிடுகிறது. அந்த வார்த்தைக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. பாதி பதில் அங்கேயே இருக்கும்.

‘சுடோ’ கட்டளை கேட்பது உங்கள் சொந்த பாஸ்வேர்டை. ‘எஸ்யூ’ கட்டளை கேட்பது, நீங்கள் யாராக மாற விரும்புகிறீர்களோ அவருடைய பாஸ்வேர்டை. உபுண்டுவில் ரூட் அக்கவுன்ட்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. இன்ஸ்டால் செய்யும்போதே பூட்டி வைத்திருக்கும். அங்கே போய் வெறும் ‘எஸ்யூ’ அடித்துவிட்டு என்ன பாஸ்வேர்டு போட்டாலும் கதவு திறக்காது. சரியான விடை என்று ஒன்று இல்லவே இல்லாத கேள்வி அது.

‘பாஸ்ஃப்ரேஸ்’ என்று கேட்டால் அது சர்வரின் கேள்வி அல்ல. உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் எஸ்எஸ்ஹெச் சாவிக்குப் போட்ட பூட்டைத் திறக்கச் சொல்கிறது. சர்வர் பாஸ்வேர்டை அங்கே போட்டுப் பயனில்லை. ‘எல்டாப் பாஸ்வேர்டு’ என்று வந்தால், கம்பெனியின் பொது யூசர் பட்டியலிலிருந்து வரும் தனிக் கேள்வி.

‘கரன்ட் பாஸ்வேர்டு’ என்று கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். இது தோல்வியே இல்லை. பாஸ்வேர்டு காலாவதி ஆகிவிட்டது, மாற்றச் சொல்கிறது. முதலில் நீங்கள் போட்டதை ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றுவதற்காகப் பழையதை இன்னொரு முறை கேட்கிறது. பிறகு புதியதை இரண்டு முறை கேட்கும். ஆக மொத்தம் நான்கு கேள்வி. அதற்கு மேலே ஒரு வரியில் ‘உடனே மாற்ற வேண்டும்’ என்ற அறிவிப்பு இருக்கும், யாரும் படிப்பதில்லை. எஸ்எஸ்ஹெச் வழியாக வந்தவர்களுக்கு, மாற்றி முடித்ததும் இணைப்பு துண்டிக்கப்பட்டு மறுபடி லாகின் செய்ய வேண்டியும் வரும். இதைத்தான் பலர் ‘அஞ்சு தடவை கேட்டுட்டு வெளியே தள்ளிடுச்சு’ என்று புகார் சொல்கிறார்கள்.

கீபோர்டும் ஒரு சந்தேகக்காரர்தான். கேப்ஸ் லாக் எல்லோருக்கும் தெரிந்தது. லேப்டாப்பில் நம் லாக் ஆஃப் ஆகி எண்கள் விழாமல் போவது அவ்வளவாகத் தெரியாதது. தமிழ்99 போன்ற தமிழ் லேஅவுட் வைத்திருப்பவர்கள், திரையின் மூலையில் எந்த மொழி காட்டுகிறது என்று பாருங்கள். டெர்மினலில் பாஸ்வேர்டு அடிக்கும்போது பெரும்பாலும் நட்சத்திரக் குறிகூட வராது, அதனால் எந்த எழுத்து விழுகிறது என்று தெரியாது. யூசர் பெயர் கட்டத்தில் அடித்துப் பார்ப்பது பழைய தந்திரம். ஆனால் முழு பாஸ்வேர்டை அடிக்காதீர்கள், சந்தேகமான ஓரிரு எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். கைதவறி என்டர் தட்டினால், அது யூசர் பெயராக லாக் ஃபைலில் பதிவாகிவிட வாய்ப்பு உண்டு. அப்படி நடந்துவிட்டால் பாஸ்வேர்டை மாற்றிவிடுவதுதான் நல்லது.

மூன்று தவறு, பத்து நிமிடம் பூட்டு

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருவோம். பாம் அமைப்பில் ‘ஃபெயில்லாக்’ என்றொரு மாட்யூல் இருக்கிறது. தவறான முயற்சிகளை எண்ணுவதுதான் இதன் வேலை. மாற்றாமல் விட்டால் இதன் கணக்கு இப்படி இருக்கும்: 15 நிமிடத்துக்குள் 3 தவறு, அப்புறம் 10 நிமிடம் பூட்டு.

பூட்டிய பிறகு சரியான பாஸ்வேர்டு போட்டாலும் மறுக்கும். இதுதான் பலரையும் குழப்பும் இடம். ‘அக்கவுன்ட் பூட்டப்பட்டுள்ளது’ என்று சில கம்ப்யூட்டர்கள் சொல்லும். செட்டிங்கில் ‘சைலன்ட்’ என்று போட்டிருந்தால் அதுவும் சொல்லாது. பழையபடி ‘பாஸ்வேர்டு?’ மட்டும்தான்.

சுடோ கட்டளை ஒரே தடவையில் மூன்று வாய்ப்பு தருகிறது. மூன்றும் தவறாகப் போனால் மூன்றும் கணக்கில் ஏறும். அதாவது ஒரே ஒரு சுடோ, கேப்ஸ் லாக் ஆனில் இருந்தது, அவசரத்தில் மூன்று தடவை அடித்துவிட்டீர்கள் என்றால் போதும். கேப்ஸ் லாக்கை கவனித்து அணைத்துவிட்டு நான்காவது முறை சரியாகப் போடும்போது, கதவு ஏற்கெனவே பூட்டியிருக்கும். ‘அப்போ என் பாஸ்வேர்டையே யாரோ மாத்திட்டாங்க’ என்று பதறுவது இதனால்தான்.

ஆர்ச் லினக்ஸில் இந்தப் பூட்டு ஆரம்பத்திலிருந்தே இயங்கும். ரெட் ஹாட் வகைகளில் நிர்வாகி இயக்கியிருந்தால் வேலை செய்யும். உபுண்டுவில் பொதுவாகத் தானாக இருக்காது, யாராவது சேர்த்திருக்க வேண்டும்.

தீர்வு எளிது. பத்து நிமிடம் எதையும் தொடாமல் இருங்கள். அல்லது நிர்வாகி, ‘ஃபெயில்லாக்’ என்ற அதே பெயரில் உள்ள கட்டளையில் உங்கள் யூசர் பெயரைக் கொடுத்து ரீசெட் செய்யலாம். ரீசெட் சொல்லாமல் கொடுத்தால், எத்தனை தவறு, எந்த நேரத்தில், எங்கிருந்து நடந்தது என்று பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது முக்கியம். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தெரியாத முகவரியிலிருந்து முயற்சி நடந்திருந்தால், உங்கள் கை தவறவில்லை, வேறு யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். இந்த எண்ணிக்கை பதிவாகும் இடம் பொதுவாக ‘ரன்’ என்ற தற்காலிக ஃபோல்டர். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். ‘ரீஸ்டார்ட் பண்ணேன், தானா சரியாயிடுச்சு’ என்று சொல்கிறார்களே, அதன் ரகசியம் பல நேரங்களில் இவ்வளவுதான்.

ஒரே லாகினுக்கு இரண்டு கேள்வி ஏன்?

இது ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அதிகம். பாஸ்வேர்டு போட்டதும் இன்னொரு பாஸ்வேர்டு கேட்கும். அதே பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டால் உள்ளே விட்டுவிடும். ஒவ்வொரு நாளும் இதே கதை.

காரணம், பாம் அமைப்பில் இரண்டு மாட்யூல்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்று கம்ப்யூட்டரிலேயே உள்ள யூசர் பட்டியலைப் பார்க்கும் ‘பாம் யுனிக்ஸ்’. மற்றொன்று கம்பெனியின் பொதுப் பட்டியலைப் பார்க்கும் ‘பாம் எல்டாப்’ போன்றது. உங்கள் பெயர் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. முதல் மாட்யூல் பாஸ்வேர்டை வாங்கிப் பார்க்கிறது, ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று தள்ளிவிடுகிறது. இரண்டாவது மாட்யூல் வந்து முதலிலிருந்து கேட்கிறது.

முதலாமவர் வாங்கிய பாஸ்வேர்டையே பயன்படுத்திக்கொள் என்று இரண்டாவது மாட்யூலிடம் சொல்ல வேண்டும். அதற்கு அந்த வரியின் கடைசியில் ‘யூஸ் ஃபர்ஸ்ட் பாஸ்’ என்று, நடுவில் அடிக்கோடு போட்டுச் சேர்த்தால் போதும். இதன் தம்பி ‘ட்ரை ஃபர்ஸ்ட் பாஸ்’. அண்ணன் இரண்டாவது தடவை கேட்கவே மாட்டார், கையில் இருக்கும் பாஸ்வேர்டு சரியில்லை என்றால் மறுத்துவிடுவார். தம்பி, முதலில் வாங்கியதைப் போட்டுப் பார்ப்பார், சரிவரவில்லை என்றால் புதிதாகக் கேட்பார். பல வருடம் தினமும் இரண்டு தடவை பாஸ்வேர்டு அடித்த ஆபீஸ்களில் குறை இந்த ஒரு வார்த்தைதான்.

இதைவிட மோசமான தவறு ஒன்று டெபியன், உபுண்டு வகைகளில் நடக்கும். அங்கே ‘காமன் ஆத்’ என்ற ஃபைலில்தான் பொதுவான வரிசை இருக்கிறது. அதில் பாம் யுனிக்ஸ் வரிக்குப் பக்கத்தில் ‘சக்சஸ் சமம் 1’ என்று இருக்கும். வெற்றி என்றால் அடுத்த ஒரு வரியைத் தாண்டிக் குதி என்று பொருள். அந்த அடுத்த வரி ‘பாம் டினை’, அதாவது யார் வந்தாலும் மறுப்பவர். பாஸ்வேர்டு சரி என்றால் அவரைத் தாண்டிக் குதித்து உள்ளே போய்விடலாம்.

இப்போது யாரோ ஒருவர், இணையத்தில் பார்த்த ஒரு வரியை இந்த இரண்டுக்கும் நடுவில் ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணை மாற்றவில்லை. சரியான பாஸ்வேர்டு வருகிறது, ஒரு வரி தாண்டிக் குதிக்கிறது, நேராக ‘பாம் டினை’ மேல் போய் விழுகிறது. சரியாகப் போட்டதற்கே மறுப்பு! நூறு தடவை போட்டாலும் இதே கதிதான். எண்ணை 2 ஆக்கினால் தீர்ந்தது. ஆனால் பாஸ்வேர்டிலேயே குறை தேடிக்கொண்டிருப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

இந்த ஃபைல்களைக் கையால் திருத்துவதைவிட, உபுண்டுவில் ‘பாம் ஆத் அப்டேட்’, ரெட் ஹாட் 8 முதல் ‘ஆத்செலக்ட்’ ஆகிய கருவிகள் மூலம் மாற்றுவதே நல்லது. எண்களை அவையே கணக்குப் போட்டுக்கொள்ளும். கையால் செய்த திருத்தத்தை இந்தக் கருவிகள் அடுத்தமுறை அழித்துவிடவும் கூடும். ‘போன மாசம் சரி பண்ணேன், அப்டேட்டுக்கு அப்புறம் மறுபடி வந்துடுச்சு’ என்பதற்கு அது ஒரு காரணம்.

மேக்கிலும் இதே அனுபவம் இருந்தது. சுடோவுக்கு விரல்ரேகை போதும் என்று பாம் ஃபைலில் ஒரு வரி சேர்த்தவர்களுக்கு, ஒவ்வொரு அப்டேட்டிலும் அது காணாமல் போய் பாஸ்வேர்டு கேள்வி திரும்பி வந்தது. 2023-ல் வந்த சோனோமாவில் இதற்கென ‘சுடோ லோக்கல்’ என்று தனி ஃபைலை ஆப்பிள் ஒதுக்கிய பிறகுதான் தொல்லை ஓய்ந்தது.

திரை மினுங்கிவிட்டு லாகினுக்கே திரும்புதா?

இது வேறு நோய். பாஸ்வேர்டு தவறு என்றால் இரண்டு விநாடி தாமதமும் ஒரு தவறுச் செய்தியும் வரும். அப்படி இல்லாமல் திரை ஒரு கணம் கறுப்பாகி, ஒன்றும் சொல்லாமல் லாகினுக்குத் திரும்பினால், பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது. டெஸ்க்டாப்தான் திறக்க முடியாமல் விழுந்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று முதலில் பாருங்கள். எழுத இடமே இல்லை என்றால் டெஸ்க்டாப் தொடங்காது. அடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ‘எக்ஸ்அதாரிட்டி’ ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது ஒரு டெஸ்க்டாப் புரோகிராமை சுடோ போட்டுத் திறந்திருந்தால், அது ரூட் பெயருக்கு மாறியிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான லினக்ஸில் டெக்ஸ்ட் லாகின் வரும். அங்கே அதே பாஸ்வேர்டு வேலை செய்தால், பாஸ்வேர்டு மீதான சந்தேகத்தை அத்தோடு விட்டுவிடலாம்.

உள்ளே வந்த பிறகு ‘கீரிங்’ பாஸ்வேர்டு கேட்கிறதா? லாகின் பாஸ்வேர்டை நிர்வாகி மாற்றியிருப்பார். வைஃபை, பிரவுசர் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டிக்கு இன்னும் பழைய பாஸ்வேர்டுதான். பழையதைப் போட்டுத் திறந்து, அதையும் மாற்றிவிடுங்கள். மேக்கில் ‘கீசெயின்’ கேட்பதும் இதே கதைதான்.

சாவி கொடுத்தும் பாஸ்வேர்டு கேட்கும் சர்வர்

எஸ்எஸ்ஹெச் சாவியை சர்வரில் ஏற்றியாச்சு, இனி பாஸ்வேர்டே வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். ஆனாலும் கேட்கிறது. பெரும்பாலும் குற்றவாளி, ஃபோல்டரின் அனுமதி. உங்கள் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களும் எழுதலாம் என்றிருந்தால், ‘இந்தச் சாவியை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், நம்ப முடியாது’ என்று சர்வர் ஒதுக்கிவிடும். ஒதுக்கியதையும் வெளியே சொல்லாது. அமைதியாக பாஸ்வேர்டு கேட்கும்.

ஏதோ ஒரு ஃபைல் திறக்கவில்லை என்று எல்லாவற்றுக்கும் 777 கொடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியல் ஃபைலுக்கு 600, ஹோம் ஃபோல்டரில் வெளியாருக்கு எழுதும் உரிமை கூடாது. இவ்வளவு சரியாக இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சுடோ திரும்பத் திரும்பக் கேட்பது கோளாறா?

அநேகமாக இல்லை. ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் சுடோ கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதன் மூலப் பதிப்பில் 5 நிமிடம், டெபியன், உபுண்டுவில் 15 நிமிடம். அதுவும் அந்த டெர்மினலுக்கு மட்டும்தான். பக்கத்தில் இன்னொரு டெர்மினல் திறந்தால் அங்கே புதிதாகக் கேட்கும்.

நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் எரிச்சலில் ‘நோபாஸ்வேர்டு’ என்று மொத்தமாகத் திறந்துவிடுவது வேண்டாம். அதைவிட மோசம், பாம் வரிசையின் தொடக்கத்திலேயே ‘பாம் பெர்மிட்’ வரியைச் சேர்ப்பது. கேள்வி நின்றுவிடும், உண்மைதான். என்ன பாஸ்வேர்டு போட்டாலும், போடாவிட்டாலும், யாராக இருந்தாலும் உள்ளே வரலாம் என்பதால் நின்றிருக்கும்.

அந்த நோட்டு எங்கே?

உள்ளே எழுதி வைத்திருக்கும் என்று சொன்னோமே, அதுதான் லாக். உபுண்டுவில் ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’, அதற்குள் ‘ஆத் டாட் லாக்’. ரெட் ஹாட் வகைகளில் அதே இடத்தில் ‘செக்யூர்’ என்ற ஃபைல். டெபியன் 12 முதல் இந்த ஃபைல் தானாக இருக்காது, ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் பார்க்க வேண்டும். இவற்றைப் படிக்க நிர்வாகி அனுமதி தேவை. உங்களால் உள்ளே போகவே முடியவில்லை என்றால், நிர்வாகியிடம் ‘பாஸ்வேர்டை ரீசெட் பண்ணுங்க’ என்று கேட்பதற்கு முன், ‘நான் முயற்சி செய்த நேரத்தில் லாக்கில் என்ன இருக்கு?’ என்று கேளுங்கள்.

வரிகளைப் படிக்க பெரிய படிப்பு வேண்டாம். ‘பாம் யுனிக்ஸ்’, அடைப்புக்குறிக்குள் ‘சுடோ’, ‘ஆத்’, பிறகு ‘ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்’ என்று இருந்தால், சுடோவில் பாஸ்வேர்டு பொருந்தவில்லை. ‘அக்கவுன்ட்’ என்று இருந்தால் பாஸ்வேர்டு சரி, அக்கவுன்ட் நிலையில் சிக்கல். ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்றால் மேலே பார்த்த ஃபோல்டர் அனுமதி. அந்த நேரத்தில் லாக்கில் ஒரு வரிகூட இல்லை என்றால், கேள்வி அந்த கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லையோ என்று யோசிக்க வேண்டும். வேறு சர்வருக்குத் தட்டிக்கொண்டிருக்கலாம்.

பாம் ஃபைலைத் திருத்தத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ரூட் அனுமதியோடு ஒரு டெர்மினலைத் திறந்து, வேலை முடியும்வரை மூடாமல் வையுங்கள். ஃபைலை நகல் எடுத்துவிட்டுத் திருத்துங்கள். பிறகு இன்னொரு டெர்மினலில் லாகின் செய்து பாருங்கள். வேலை செய்யவில்லையா, முதல் டெர்மினலில் நகலைத் திரும்பப் போடலாம். அதை மூடிவிட்டுச் சோதித்தால், ஒரு எழுத்துப் பிழைகூட உங்களை நிரந்தரமாக வெளியே நிறுத்திவிடும். எதிரே இருக்கும் லேப்டாப் என்றால் ரெக்கவரி மோடில் போய் மீட்கலாம். எங்கோ இருக்கும் சர்வர் என்றால் வாடகைக்கு விட்டவரின் கன்சோலைத் தேட வேண்டியதுதான்.

கேட்பது கம்ப்யூட்டர்தானா?

ஒவ்வொரு தடவையும் முதல் முறை மறுத்து, இரண்டாவது முறை அதே பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறதா? மேலே சொன்ன இரண்டு மாட்யூல் கதையாக இருக்கலாம். ஆனால் பழைய திருட்டு வித்தை ஒன்றும் இப்படித்தான் நடக்கும். போலியாக ஒரு லாகின் கேள்வியைக் காட்டி பாஸ்வேர்டை வாங்கிக்கொள்வது, ‘தவறு’ என்று சொல்வது, பிறகு உண்மையான லாகினிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது. பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொண்ட காலத்திலேயே இருந்த உத்தி. நாம் ‘கை தவறிடுச்சு போல’ என்று நினைத்துக்கொள்வோம்.

இன்றைய வடிவத்தில் இது சுடோவில் வரும். உங்கள் அக்கவுன்ட்டில் நுழைந்த ஒரு தீய புரோகிராம், ‘பாஷ்ஆர்சி’ ஃபைலில் ஒரு வரி சேர்த்து, சுடோ என்று அடித்தால் தன்னிடம் வரும்படி செய்துகொள்ள முடியும். டெர்மினலில் ‘டைப்’ என்று அடித்து, இடைவெளி விட்டு, ‘சுடோ’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘யூஎஸ்ஆர்’ ஃபோல்டருக்குள் ‘பின்’, அதற்குள் ‘சுடோ’ என்று காட்டினால் வழக்கமான இடம். ‘ஏலியஸ்’ என்றோ ‘ஃபங்ஷன்’ என்றோ வந்தால், அந்த வரியைச் சேர்த்தது நீங்கள்தானா என்று உறுதி செய்யுங்கள். சிலர் வசதிக்காக அவர்களே வைத்திருப்பார்கள். நீங்கள் வைக்கவில்லை என்றால், அந்த டெர்மினலில் இனி எந்த பாஸ்வேர்டும் அடிக்க வேண்டாம். நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு, அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள்.